பூப் போடாத தங்கை

"தாய் மாதிரி வளர்த்த அக்கா படத்துக்கு ஒரு பூப் போட மனசு வரலை பாருங்க!"

அக்காவின் நாத்தனார் பக்கத்து நாற்காலிக்காரியின் காதில்தான் சொன்னாள். ஆனால் அரங்கத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

இறந்தவளின் தங்கை அசையவில்லை. உள்ளே நுழைந்து, மேடையில் இருந்த பெரிய படத்தை ஒரு தடவை பார்த்தவள்தான். அப்படியே வாசல் பக்கம் உட்கார்ந்துவிட்டாள். யாரோ கொடுத்த ரோஜா அவள் மடியிலேயே வாடிக்கொண்டிருந்தது.

நினைவுக் கூட்டத்துக்கு அண்ணன்தான் ஏற்பாடு. அரங்கம், மைக், வீடியோ எதிலும் குறை வைக்கவில்லை. அக்கா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது எட்டிப் பார்க்கக்கூட நேரமில்லாதவனுக்கு, இன்று நேரம் எங்கிருந்தோ கொட்டியது.

அக்காவின் கணவர் மைக்கைப் பிடித்தார். ஓய்வு பெற்ற கல்லூரி முதல்வர். பிடித்தால் லேசில் விடமாட்டார்.

"கல்யாணமான நாள்லேருந்து தினமும் நான் முழிச்சது இந்த முகத்துலதான்." படத்தைக் காட்டினார். "கண்ணை மூடினாலும் இதே முகம். எப்படிய்யா மறப்பேன்?"

குரல் உடைந்தது. வீடியோக்காரர் கிட்டே வந்தார். குரல் இன்னும் கொஞ்சம் உடைந்தது.

அடுத்து அண்ணன்.

"எங்க அக்கா சிரிப்பைப் பாருங்க! அம்மா போனப்புறம் இந்தச் சிரிப்பைப் பார்த்துத்தானே நாங்க வளர்ந்தோம்!"

முன்வரிசை மூக்கை உறிஞ்சியது. தியாகி, தெய்வம், குலவிளக்கு என்று ஒவ்வொருவரும் ஏறி ஒரு பட்டம் கொடுத்தார்கள். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

எல்லாரும் வரிசையில் போய்ப் பூப் போட்டு முடித்தாயிற்று. அண்ணன் விறுவிறுவென்று தங்கையிடம் வந்தான்.

"ஊரே உன்னைத்தான் பார்க்குது. எழுந்து வந்து போட்டுட்டுப் போயேன்."

"வேண்டாம்ண்ணா."

"அக்கான்னா அவ்வளவு இளக்காரமா?"

"சரியான கல்நெஞ்சுக்காரி!" நாத்தனார் இப்போது காதைத் தேடவில்லை. சத்தமாகவே சொன்னாள்.

கணவரும் மேடையிலிருந்து இறங்கி வந்தார். "கடைசி வரைக்கும் கூட இருந்து பார்த்துக்கிட்டவ நீ. உனக்கு என்னம்மா கோபம் அவமேல?"

"அவமேல ஒண்ணும் இல்லை அத்தான். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாமே."

"இல்லை, இங்கேயே சொல்லு. நாலு பேருக்குத் தெரியட்டும்."

தங்கை நரைத்த முடியை ஒதுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அக்காவுக்கு கேமரான்னா உயிர் அத்தான். வீட்டு விசேஷம் ஒண்ணு விடமாட்டா. நம்மளை நிக்க வச்சு, சிரிக்க வச்சு எடுத்துக்கிட்டே இருப்பா. அவளை ஒரு நாள் நிக்க வச்சு எடுக்கணும்னு நம்ம யாருக்கும் தோணலை. வீடு முழுக்கத் தேடினாலும் அவ தனியா இருக்கற படம் ஒண்ணுகூடக் கிடையாது."

"நல்லா இருக்கே கதை!" அண்ணன் எரிந்து விழுந்தான். "பழைய ஆல்பத்துலேருந்து நானே தேடி எடுத்துப் பெரிசாக்கினேன். அத்தான்கூட, அச்சு அசல் அவளேதான்னு கண் கலங்கினாரு. அப்ப மேடையில இருக்கறது யாராம்?"

"நான்," என்றாள் தங்கை. "எடுத்தது அக்கா."