ஆபியா முதலாளி

"ஏண்டி ஃபுவாடினோ, ஒரு டின் மீனுக்கு என்கிட்டயே காசு கேக்கிறியா? கேட்டா ஊரே சிரிக்கும்டி!"

மரேட்டா சித்தி கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். டின் ஏற்கெனவே அவள் இடுப்புக்குப் போயிருந்தது.

"கடை என்னோடதா இருந்தா பெட்டியோட தூக்கிக் கொடுத்துட மாட்டேனா சித்தி? அந்த ஆபியா பட்டணத்து முதலாளி மனுஷனே இல்லை. ஒரு டின் குறைஞ்சாலும் என் சம்பளத்துல பிடிச்சுடுவான்" என்று மூக்கை உறிஞ்சினாள் ஃபுவாடினோ.

முதலாளியாவது, மண்ணாங்கட்டியாவது! கடை அவளுடையதேதான். பெண்கள் கடன் சங்கத்தில் வாங்கிய பணத்தில் போட்டது. ஆனால் சமோவாவில் சொந்தக்காரர் கேட்டு இல்லையென்று சொன்னவள் அப்புறம் சர்ச்சில் தலைநிமிர்ந்து உட்கார முடியாது. அந்த ஊரிலோ எல்லாருமே சொந்தம். போன வருஷம் அவள் போட்ட ரொட்டிக் கடையைப் பாசத்தோடு தின்றே தீர்த்தார்கள். சாவுக்கு ஒரு கூடை, கல்யாணத்துக்கு நாலு கூடை, சும்மா எட்டிப் பார்த்தவருக்கும் ஒரு கூடை.

அதனால் இந்தத் தடவை கடை திறந்த அன்றே ஒரு முதலாளியையும் பெற்றெடுத்துவிட்டாள். அடுத்தவன் சொத்தில் கை வைப்பது பாவம் இல்லையா? சனங்கள் முணுமுணுத்துக்கொண்டே காசு கொடுத்தார்கள். அந்தப் பாவியின் மனம் இளகட்டும் என்று போதகர் ஜெபம்கூடப் பண்ணினார்.

பொய் மட்டும் வெளியே வந்தால் தீர்ந்தது. சாயங்காலத்துக்குள் அலமாரியைத் துடைத்து வைத்துவிடுவார்கள்.

வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. கடையைப் பார்த்துப் போக வந்த கடன் சங்கத்து ஆள் பெனியமினா, தோளில் பையோடு இறங்கினார். ஃபுவாடினோ அவசரமாகச் சித்தியைத் திரும்பிப் பார்த்தாள். 'உங்க கடை எப்படிம்மா போகுது?' என்று கேட்டுத் தொலைக்கப்போகிறாரே!

அவர் வாயைத் திறப்பதற்குள் சித்தி பாய்ந்தாள்.

"ஓஹோ, நீதானாய்யா அந்த முதலாளி? உனக்கு ஈவு இரக்கமே கிடையாதா? புள்ளை நாள் பூரா நின்னு கால் வீங்கிக் கிடக்கு. துரை வண்டியில வந்து இறங்குறாரு!"

ரோட்டில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். ஃபுவாடினோ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஆமா, நான்தான் முதலாளி. அதுக்கென்ன இப்போ?" என்று கரகரத்த குரல் கேட்டது. "சித்தியானாலும் சரி, போதகரானாலும் சரி, ஓசி கிடையாது. அந்த டின்னுக்குக் காசை எடும்மா!"

சித்தி காசை மேஜையில் விட்டெறிந்தாள். "நாசமாப் போவே!" என்று சபித்துவிட்டு டின்னோடு நடந்தாள். வேடிக்கை பார்த்தவர்களும் அவரை முறைத்தபடியே கலைந்தார்கள்.

ஃபுவாடினோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஐயா, உங்க கால்லதான் விழணும்! சித்தி அப்படியே நம்பிட்டாங்க. நான் ஒண்ணுமே சொல்லலை, உங்களுக்கு எப்படிய்யா புரிஞ்சுது?"

"எல்லாம் பழக்கம்தாம்மா" என்று பெருமூச்சு விட்டார் பெனியமினா. "உங்க சித்தி எங்கே நம்பினாங்க? அவங்க கூலிக்குப் பாக்கிறதா சொல்ற கோழிப் பண்ணை இருக்கே, அதுக்கும் ரெண்டு வருஷமா நான்தான் முதலாளி!"