டால்பின் முதுகில் ஒரு காயம்

ஒரு துறைமுகத்துக்குள் வரும் கப்பல்களுக்கு ஒரு டால்பின் முன்னால் நீந்தி வழிகாட்டி வந்தது. புயல் ஒன்று அடித்து ஓய்ந்த பிறகு, கடலடியில் இருந்த மணல்திட்டு நேர்வழிக்குக் குறுக்கே நகர்ந்துவிட்டது. அப்போது வந்த பெரிய சரக்குக் கப்பலை டால்பின் நிறுத்தியது.

"நேரா போகாதீங்க. தெற்கே சுத்தித்தான் போகணும், கொஞ்சம் தாமதமாகும்."

கப்பலுக்கு எரிச்சல் வந்தது. "போன தடவை நேராத்தானே கூட்டிட்டுப் போனே?"

கொடிமரத்தில் உட்கார்ந்திருந்த கடற்காகம் சிரித்தது. "உங்க கம்பீரத்துக்குச் சுத்துவழி எதுக்கு? நேரா போங்க."

கப்பல் நேராகப் போனது. டால்பின் குறுக்கே பாய்ந்து தடுத்தது. கப்பல் அதன் முதுகைக் கிழித்துக்கொண்டு போய் மணலில் ஏறி நின்றது.

இழுத்துவிட வந்த கப்பல்களிடம் சரக்குக் கப்பல் கூசாமல் சொன்னது: "நேர்வழியில போன என்னை டால்பின்தான் திருப்பிவிட்டுச்சு."

"நான் கண்ணால பார்த்தேன்" என்றது கடற்காகம்.

டால்பின் தன் முதுகைக் காட்டியது.

"பாருங்க, கப்பலை மோதித் தள்ளியிருக்கு!" என்றன எல்லாக் கப்பல்களும்.

வழிகாட்டும் வேலை கடற்காகத்துக்குப் போனது.

சில நாளில் ஒரு பயணிகள் கப்பல் வந்தது. மேல்தளத்தில் குழந்தைகள் டால்பினைப் பார்த்துக் கையசைத்தார்கள். "நேரா வாங்க, நேரா வாங்க" என்று கடற்காகம் முன்னால் பறந்தது.

டால்பின் கத்துவதற்கு வாயைத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டு ஆழ்கடல் பக்கம் திரும்பிப் போய்விட்டது.