சத்தம் போடக் கூடாது

"எஞ்சினை ஏன் புள்ள நிப்பாட்டினீங்க? பழுதாப் போச்சா?" என்று கேட்ட ஸுலைஹா, படகின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"பழுதில்ல சாச்சி. இனிக் கடற்பசுக்கள்ட இடம். இதுக்கு மேல எஞ்சின் போடவும் ஏலாது, சத்தம் போடவும் ஏலாது," என்ற அகீலா நீண்ட கம்பை எடுத்து ஊன்றி, படகைத் தள்ளத் தொடங்கினாள்.

உச்சமுனைக் கரையில் இருந்து வந்தால் அந்த இடத்தில் கடல் ஆள் உயரம்தான். அடியில் வயல் மாதிரிப் பச்சைப் புல். அருகிப்போன கடற்பசுக்கள் மேய்வதற்காக அந்தக் கடற்பகுதியை ஒதுக்கி, வலை வீசத் தடை போட்டிருந்தார்கள். பார்க்க வருபவர்களைக் கூட்டிச் செல்லும் வழிகாட்டிகளில் அகீலா ஒருத்திதான் பெண்.

ஸுலைஹாவுக்குத் துணையாக வந்த தம்பி முத்தலிபு, காலையில் சாப்பிட்ட இடியப்பத்தை ஏற்கெனவே கடலுக்குக் கொடுத்துவிட்டுப் படகின் நடுவில் சுருண்டு கிடந்தார். அவரால் யாருக்கும் துணை இல்லை.

"வந்து எவ்வளவு நேரம்! ஒரு வாலைக்கூடக் காணல்ல," என்று முணுமுணுத்த ஸுலைஹா, கடலை விட்டுவிட்டு அகீலாவை மேலும் கீழும் பார்த்தார். "இப்பிடி வெயில்ல கடல் கடலாத் திரிஞ்சா ஆர் புள்ள உங்களைக் கலியாணம் கட்டுவான்?"

அகீலாவுக்குச் சிரிப்பு வந்தது. "அதை ஏன் கேக்கிறீங்க சாச்சி! ரெண்டு இடம் இதாலேயே தட்டிப் போச்சு. இண்டைக்கு வாப்பாவும் பெரியப்பாவும் சிலாபத்துக்கு மாப்பிள்ளை பாக்கப் போயிருக்காங்க."

"அவங்க அங்க, நீங்க இங்கயா?"

"ஆம்புளைகள் போய் மாப்பிள்ளையைப் பாத்து, பேசி, வயிறு நிறையச் சாப்பிட்டு வரப் போறாங்க. எனக்கு அங்க என்ன வேல?"

"மாப்பிள்ளையைப் புடிச்சிருக்கா?"

"ஃபோட்டோவில புடிச்சிருக்கு," என்ற அகீலா கம்பைத் தேவைக்கு மேல் வேகமாக ஊன்றினாள். படகு ஆடியது. முத்தலிபு முனகினார். "ஆனா சாச்சி, எனக்கு அவரும் வேணும், இந்த வேலையும் வேணும்."

"ரெண்டும் கிடைக்காது. ஒண்டைத்தான் எடுக்கலாம்," என்று ஸுலைஹா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அகீலா படகைத் தள்ளினாள். வெளியே சிரித்தாளே தவிர, காலையில் இருந்தே அவளுக்கு உள்ளே பயம்தான்.

'புஸ்' என்று ஒரு மூச்சுச் சத்தம். படகுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சாம்பல் நிற முதுகு எழுந்தது. அதன் அருகே இன்னொன்று, சின்னது. தாயும் குட்டியும்! அகீலா உதட்டில் விரலை வைத்தாள். அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த ஸுலைஹா, சத்தமே வராமல் 'மாஷா அல்லாஹ்' என்று வாயசைத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அகீலாவின் ஃபோன் அதிர்ந்தது. வாப்பா! அவள் எடுத்துக் காதோடு அழுத்திக்கொண்டாள். வாப்பாவுக்கு ஃபோனில் கத்தித்தான் பேச வரும். எவ்வளவு அழுத்தியும் பக்கத்தில் இருந்த ஸுலைஹாவுக்கு எல்லாம் கேட்டது.

"மகள்! மாப்பிள்ளை தங்கமான புள்ள! எல்லாம் சரி, ஒண்டே ஒண்டுதான் கேக்கிறாங்க. கலியாணத்துக்குப் பொறகு இந்தப் போட் வேலைய விடுவீங்களா?"

"மாட்டன் வாப்பா," என்றாள் அகீலா, மூச்சுக்காற்றிலே.

"என்ன? கேக்கல்ல! சத்தமாச் சொல்லுங்க!"

குட்டி கை எட்டும் தூரத்தில் நின்றது. சத்தம் போட்டால் மிரண்டு தாயை விட்டு ஒரு பக்கம் ஓடிவிடும். வாழ்க்கையே போகிற கேள்விதான். ஆனாலும் அகீலாவுக்கு வாய் வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பக்கம் வாப்பா பெரிதாகச் சிரித்தார். "வெக்கப்படுறா! நிக்காஹ்வுக்குக் கேட்டாலும் பொண்ணு பேசாம இருந்தாச் சம்மதம்தானே? சரி மகள், வேலையை விடுறா எண்டு சொல்லிடுறன்!"

தொடர்பு அறுந்தது. கடற்பசுக்களுக்கு ஒரு அவசரமும் இல்லை. குட்டி இன்னும் ஒருமுறை மூச்செடுத்தது, தாயின் முதுகில் உரசியது, பிறகு இரண்டும் ஆறுதலாக நீருக்கடியில் நீந்திப் போயின. அவை தூரப் போகும்வரை காத்திருந்த அகீலா, "வாப்பா!" என்று அலறியபடி ஃபோனை அழுத்தினாள். சிக்னல் செத்திருந்தது.

அவளுடைய கண் கலங்கிவிட்டது. "சாச்சி, உங்கட ஃபோன் வேலை செய்யுதா? அவங்க பேசி முடிச்சா அதுக்குப் பொறகு ஒண்டும் செய்ய ஏலாது. இந்தச் சம்பந்தம் போனாலும் போகட்டும், பொய் சொல்லிக் கட்ட மாட்டன்."

ஸுலைஹா கைப்பையைத் துழாவி ஃபோனை எடுத்தார். அகீலா நம்பரைச் சொல்ல வாயெடுத்தாள். அவர் கையால் தடுத்துவிட்டுத் தானே ஒரு நம்பரை அழுத்தினார்.

"மகன், உங்களுக்கு முன்னால இருக்கிற பொண்ணுட வாப்பாவுக்கு இன்னும் ஒரு கோப்பை தேத்தண்ணி குடுங்க. நான் கேக்கச் சொன்ன கேள்விக்கு அவர்ட மகள் 'மாட்டன்' எண்டுதான் சொன்னா, இந்தக் காதால கேட்டன். 'விடுறன்' எண்டு மட்டும் சொல்லியிருந்தா, இவ எனக்கு மருமகளா வேணாமெண்டு நானே சொல்லியிருப்பன்!"