மஞ்சள் எழுத்து

திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் வக்கீல் ஆபீஸில் எட்டுப் பேருக்கும் திக்கென்றது.

திரை முழுக்கக் கறுப்பு. அதன் மேல் தடித்தடியாக மஞ்சள் எழுத்து. ஐகான் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். அம்புக்குறிகூட விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தது.

வரவேற்பில் இருந்த பெண் தன் குழந்தையின் படத்தைத் திரையில் வைத்திருந்தாள். அதையும் காணோம். பழையபடி மாற்றப் பார்த்தாள், முடியவில்லை. யாரும் தொட முடியாதபடி பூட்டியிருந்தது.

இதெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் வேலை. சம்பளப் பட்டியலில்தான் அவருக்குப் பெயர். மற்றபடி எல்லோருக்கும் 'வயர்'. கேட்டவர்களிடம், கண்ணுக்கு நல்லது, போகப் போகப் பழகிவிடும் என்று சொல்லி நழுவினார். இழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று காதுபடவே பேசினார்கள். அவர் மசியவில்லை.

பத்தாவது நாள் எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் புகார் கொடுத்தார்கள்.

மேனேஜர் வயரைக் கூப்பிட்டார். இன்றைக்கே பழையபடி மாற்ற வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். மாற்ற முடியாது என்றார் வயர். பிடிவாதத்துக்கும் ஒரு அளவு உண்டு என்று மேனேஜர் வேலைநீக்கக் கடிதத்தை நீட்டினார்.

வாங்கிக்கொண்டு கதவு வரை போன வயர் திரும்பி வந்தார்.

"எனக்கு அப்புறம் வர்றவரும் இதை மாத்த வேண்டாம் சார். பெரியக்காவுக்குக் கண்ணு போயிட்டிருக்கு."

பெரியக்கா அங்கே மூத்த டைப்பிஸ்ட். வக்கீல்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் கேட்டு அடிப்பவர். விரலுக்குக் கீபோர்டு அத்துப்படி. அடித்ததைச் சரிபார்க்கத்தான் கண் வேண்டும். கறுப்பில் மஞ்சளாக, பெரிதாக இருந்தால் இன்னும் தெரிகிறது என்றார் வயர். வீட்டில் படுக்கையோடு கிடக்கும் கணவருக்குப் பெரியக்காவின் சம்பளம் ஒன்றுதான் கதி.

"அவங்க ஸ்க்ரீனை மட்டும் மாத்தினா ஏன்னு கேட்பாங்க. எல்லாத்தையும் மாத்தினா என்னைத் திட்டிட்டு விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"போன வருஷம் கை நடுங்குதுன்னு ஃபைல் ரூம்காரர் உங்ககிட்டதான் சார் சொன்னாரு."

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வாரமே ஃபைல் ரூம்காரரைப் புகழ்ந்து பேசி வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

கடிதத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். வயர் கொடுக்கவில்லை. இத்தனை பேர் புகாருக்குப் பிறகும் தான் இருந்தால் காரணத்தைத் தோண்டுவார்கள், திரை மட்டும் மேலிடத்து உத்தரவு என்று அப்படியே இருக்கட்டும் என்றார்.

மேஜையில் கிடந்த புகாரைப் பார்த்த மேனேஜருக்கு மனசு கேட்கவில்லை.

"அந்தம்மாவும்தானே இதுல கையெழுத்துப் போட்டிருக்காங்க?"

"மாட்டேன்னு அழுதாங்க சார். அவங்க மட்டும் போடலைன்னா சந்தேகம் வரும். நான்தான் விரலைப் பிடிச்சு, இந்த இடத்துல போடுங்கக்கான்னு காட்டினேன்."