வலது காலுக்கு ஒரு ஷூ

பிறவியிலேயே உள்பக்கம் வளைந்த தன் வலது காலுக்குத் தஸ்லிமா தையல் மெஷினில் தானே ஒரு ஷூ தைத்துக்கொண்டிருந்தாள். எந்தக் கடையிலும் அந்தக் காலுக்குப் பொருந்துவது கிடைத்ததில்லை. ஆனால் தைக்கத் தைக்கத் தோலின் அடிப்பக்கம் நூல் கொத்துக்கொத்தாகச் சுருண்டது. அடிநூல் சுற்றிய பாபினை இறுக்கினாள், இன்னும் மோசமானது. தோலில் ஊசி போட்ட துளை மூடாது, பிரித்துத் தைக்கவும் வழியில்லை. முந்தைய துண்டுகள் அப்படித்தான் வீணாகியிருந்தன; கையில் இருந்தது கடைசித் துண்டு.

பக்கத்து மெஷினில் தைத்துக்கொண்டிருந்த கலையரசி எட்டிப் பார்த்தாள். "அடியில சுருண்டா மேல் நூல்தான்டி லூசு. முதல்ல பாதத்தத் தூக்கு!"

தஸ்லிமா தன் காலைத் தூக்கினாள்.

"அய்யய்யோ, உன் கால இல்லடி, ஊசிகிட்ட தோல அழுத்திப் பிடிக்குதே, அந்த மெஷின் பாதத்த! அத இறக்கி வெச்சுட்டு நூல் கோத்தா, நூல இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுக்குள்ள எப்படிப் போகும்?"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தஸ்லிமா பாதத்தைத் தூக்கி நூலைக் கோத்தாள். இறக்கிவிட்டு இழுத்துப் பார்த்தாள். நூல் இறுகப் பிடித்தது. மெஷின் சடசடவென்று ஓடி வளைவைத் தாண்டியது. திருப்பிப் பார்த்தால் மேலும் கீழும் ஒரே சீரான தையல்!

அடித்தோல் ஒட்டும்வரை அவளால் பொறுக்க முடியவில்லை. அப்படியே காலை உள்ளே நுழைத்தாள். எங்கேயும் உரசவில்லை.

"கலை, பசைய எடு! சீக்கிரம் எடுடீ!"