சத்தமில்லாத ஓடை

“அந்த ஆளு காசுல நீ போக வேணாம் ஆத்தா,” என்றார் மலைச்சாமி மகளிடம்.

முத்துப்பிரியா போடியில் விலங்கியல் மூன்றாம் வருடம் படிக்கிறாள். ஏலத்தோட்டத்து ஓடைகளில் தவளைகள் ஏன் இல்லாமல் போயின என்பதுதான் அவள் ஆராய்ச்சி. தண்ணீரைச் சோதிக்கும் இயந்திரம் கல்லூரியில் கிடையாது. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் தன் ஆய்வுக்கூடத்தில் இடம் தந்தது. போய்வரும் செலவை மட்டும் தரவில்லை.

அந்தச் செலவை ஏற்பதாகச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார் எஸ்டேட் முதலாளி ராம்பிரசாத்.

“பூச்சிமருந்து அடிச்சே மலையைக் கெடுத்தவன் அவன். மருந்தைப் பத்தி ஆராயுற புள்ளைக்கு எதுக்குக் காசு குடுப்பான்? வாயை அடைக்கத்தான்.”

“நேர்லயே கேட்டுட்டு வந்துர்றேன்ப்பா. எழுதுறதை மாத்தச் சொன்னா, அவர் காசே வேணாம்.”

போடிமெட்டு தாண்டி எஸ்டேட் வாசலில் ஜீப்பை நிறுத்தினான் டிரைவர் சோணை. எப்போதும் ஜீப்பில் ஏறும் தோட்டத்து ஆட்களோடு வாயடிப்பவன், இங்கே குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“வெரசா வந்துரு தங்கச்சி. அவுக மக செத்ததுலருந்து அந்த வீடு ஒரு மாதிரியா இருக்கு.”

பட்டப்பகலிலேயே மூடுபனி இறங்கியிருந்தது. ஏலச்செடிகளுக்கு நடுவே நடந்தாள். ஒரு குருவி இல்லை. சில்வண்டுகூட இல்லை. ஓடை ஓடியது, கரையில் எதுவும் கத்தவில்லை. அவள் செருப்புச் சத்தமே யாரோ பின்னால் வருவதுபோல் கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். பனிதான்.

கதவைத் திறந்தவர் முதலாளியின் மனைவி ரேணுகா. உதட்டில் விரல் வைத்தார்.

“மெதுவாப் பேசு கண்ணு. பாப்பா இப்பத்தான் தூங்குறா.”

உள்ளறையில் ஒரு கட்டில் தெரிந்தது. தலையணைவரை போர்வை இழுத்து விடப்பட்டிருந்தது. கட்டிலில் யாரும் இல்லை.



ராம்பிரசாத் வந்தார். “நீ பாப்பாகிட்ட இரு,” என்று மனைவியை அந்த அறைக்குள் அனுப்பினார். பிறகு இவளைப் பார்த்தார்.

“பாஸ்போர்ட் வந்துருச்சாம்மா?”

“வந்துருச்சு சார். உங்க காசுல போனா நான் என்ன எழுதணும்?” நேராகவே கேட்டுவிட்டாள்.

அவளை உட்காரச் சொல்லி, எதிரே தானும் உட்கார்ந்தார். “எங்கெங்க தண்ணி எடுத்த?”

“பக்கத்து எஸ்டேட் எல்லாத்துலயும். இங்க மட்டும் உங்க ஆளுக உள்ள விடல.”

“நான்தான் விடக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்.”

எழுந்துபோய் உள்ளறைக் கதவை வெளியிலிருந்து தாழிட்டார். உள்ளேயிருந்து ரேணுகாவின் தாலாட்டு மெல்லக் கேட்டது.

முத்துப்பிரியா சட்டென்று எழுந்தாள். வாசல் எத்தனை தூரம் என்று கண் தேடியது. ‘அப்பா பேச்சைக் கேட்டிருக்கலாம்.’

ராம்பிரசாத் சாமி அலமாரியைத் திறந்தார். வெள்ளைத் துணியில் சுற்றிய எதையோ எடுத்துவந்து மேசைமேல் பிரித்தார்.

கத்தரித்து எடுத்த ஒரு சின்னப் பின்னல். நுனியில் சிவப்பு ரிப்பன்.

“பயப்படாதம்மா. ரேணுகா காதுல விழக் கூடாதுன்னுதான் கதவைச் சாத்துனேன். வீட்டுக்குப் பின்னாடி ஊத்து இருக்கு. பாப்பா குடிச்சது அந்தத் தண்ணிதான். ஊத்துக்கு மேல மருந்தடிக்கச் சொன்னது நான். பாப்பா காய்ச்சல்ல போயிட்டதா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்.”



பின்னலை மறுபடி துணியில் சுற்றி, இரு கையாலும் அவளிடம் நீட்டினார்.

“ஊத்துத் தண்ணியோட பாப்பா முடியையும் கொண்டுபோய்ச் சோதிச்சுப் பாரு. உடம்புல சேந்த மருந்து முடியில தங்குமாம். மருந்து இருந்துச்சுன்னா எஸ்டேட் பேரைப் போட்டே எழுது தாயி... என் பேரையும் சேத்து.”