ஜன்னலுக்கு முதுகு

பெற்ற தாய்தானா இவள் என்று ரோண்டாவுக்கு எரிச்சலாக வந்தது.

காலை பத்து மணியிலிருந்து அந்தப் பெண் மரக்குடிலுக்குள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். வெளியே அவள் மகள் பனியில் விழுவதும் எழுவதுமாக இருந்தாள். ஒன்பது வயதிருக்கும். பச்சைத் தொப்பி.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் ஊர்க்காரர்களே நடத்தும் பனிச்சறுக்கு மேடு அது. சறுக்குகிறவர்களை மேலே இழுத்துப்போக மோட்டாரில் ஓடும் ஒரே ஒரு கயிறு. பழகுகிறவர்களுக்கு அது போதும். பெரிய மலையில் ஒரு ஆளுக்குக் கேட்கும் காசில் இங்கே குடும்பமே சறுக்கலாம். சனிக்கிழமைதோறும் ரோண்டா சம்பளமில்லாமல் வந்து குடிலில் சூப் ஊற்றுவாள்.

மற்ற அம்மாக்கள் சரிவின் அடியில் நின்று கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள். பிள்ளை விழுந்தால் ஓடிப்போய்த் தூக்கினார்கள்.

கயிற்றை ஓட்டும் நோர்ம் காப்பிக்கு வந்தபோது ரோண்டா அவரிடம் புலம்பினாள். அவரும் கவனித்திருந்தார். அந்தக் குழந்தை கயிற்றைப் பிடிக்கும்போதே நாலு தரம் விழுந்ததாம். ஆனாலும் நமக்கெதற்கு வம்பு என்று கோப்பையோடு நழுவிவிட்டார்.

பன்னிரண்டு மணிவாக்கில் பச்சைத் தொப்பி பாதிச் சரிவில் குப்புற விழுந்தது. ஒரு சறுக்குப் பலகை கழன்று தனியே கீழே ஓடியது. குழந்தை எழவில்லை.

ரோண்டா கரண்டியை வைத்துவிட்டு நேரே அந்த மேசைக்குப் போனாள்.

"என்னங்க, உங்க பொண்ணு அங்க விழுந்து கிடக்கா. ஒரு தடவையாவது திரும்பிப் பாருங்களேன்."

அவள் திரும்பவில்லை. ஊசிகள் நின்றுவிட்டன. முகம் வெளுத்துவிட்டது.

"அழுறாளா?"

ரோண்டா ஜன்னலைப் பார்த்தாள். "இல்ல... எந்திரிச்சு உக்காந்துட்டா. பனியைத் தட்டி விடுறா."

"கால் நல்லா இருக்கா?"

"நடந்துதான் வர்றா, பலகையை எடுக்க."

அவள் பெருமூச்சு விட்டாள். பெயர் கோலெட் என்றாள். போன வருஷம் மகள் ஜோஸி விழுந்தபோதெல்லாம் இவள் அலறிக்கொண்டு ஓடியிருக்கிறாள். மேடே திரும்பிப் பார்த்திருக்கிறது. அன்றைக்குப் பலகைகளைக் கழற்றிப் போட்ட ஜோஸி அப்புறம் தொடவே இல்லை. இந்த வருஷம் ஒரே நிபந்தனையில் வந்திருக்கிறாள்: அம்மா பார்க்கக் கூடாது.

"சத்தியம் பண்ணியிருக்கேன்," என்றாள் கோலெட். "காலையில இருந்து ஒரு வரிசைகூட ஒழுங்கா பின்னல."

ரோண்டா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். சூப்புக்கு வந்தவர்கள் தாங்களே ஊற்றிக்கொண்டார்கள்.

ஜன்னலைப் பார்த்தபடியே, ஜோஸி கயிற்றைப் பிடித்துவிட்டாள் என்று கோலெட்டிடம் சொன்னாள். மேலே போய்விட்டாள். வளைகிறாள். தடுமாறுகிறாள், ஆனால் விழவில்லை.

"அடி வரைக்கும் வந்துட்டா. தானா நின்னுட்டா. இப்ப இங்கதான் ஓடி வர்றா."

கோலெட் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊசிகளை எடுத்தாள்.

"நீங்க எதுவும் சொல்லலை, எனக்கு எதுவும் தெரியாது, சரியா? அவ வாயாலதான் நான் முதல்ல கேக்கணும்."